சராசரி அரை மணி

எண்பதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸில் ஒரு விமானக் கம்பெனியில் இருந்தேன். ஒரு விமானம் தாமதமானாலும் அதில் வருகிறவர்கள் அடுத்ததைப் பிடிக்க எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று கணக்குப் போடுவது என் வேலை. மழைக்காலத்தில் பாரிஸிலிருந்து பம்பாய் வரும் விமானத்தின் தாமதம் சராசரி அரை மணி, ஆகவே மெட்ராஸ் விமானத்துக்கு இரண்டு மணி இடைவெளி தாராளம் என்றார் என் மேலதிகாரி.

நான் வில்லியனூர்க்காரி. எங்கள் ஊர் ரயில்வே கேட் திறந்திருந்தால் பஸ் நிற்காது, மூடியிருந்தால் இருபது நிமிடம் நிற்கும். சராசரி என்று பார்த்தால் பத்து நிமிடம், ஆனால் பத்து நிமிடம் நின்ற பஸ்ஸை நான் பார்த்ததே இல்லை. மழையும் அப்படித்தான், பெய்யாத நாளில் தாமதமே இருக்காது, பெய்தால் மூன்று மணி நேரம் என்று சொன்னேன்.

"பஸ்சு வேற, ப்ளேன் வேறம்மா" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அதைவிட, வாயை மூடிக்கொண்டு அவர் சொன்ன இரண்டு மணியை என் கையாலேயே அட்டவணையில் எழுதிக் கொடுத்தேனே, அந்தக் கோபம் ஆறவே இல்லை.

ஜூலையில் ஊரில் அம்மா இறந்துபோனார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த தம்பி அதே பாரிஸ் விமானத்தில் கிளம்பினான். ஒரே மகன், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். அடக்கத்தன்று மதியம் தபால் ஆபீஸிலிருந்து என் கம்பெனிக்கு ட்ரங்க் கால் போட்டேன். பம்பாயில் மழை, அவன் விமானம் மூன்று மணி நேரம் லேட். மெட்ராஸ் விமானமோ நேரத்துக்குக் கிளம்பிவிட்டது.

"ஏரோப்ளேன் ஆபீஸ்லதான வேலை பாக்கற? ஒரு ப்ளேன கொஞ்ச நேரம் நிறுத்தி வெக்க முடியலியா ஒன்னால?" என்று மாமா எல்லார் முன்னாலும் கேட்டார்.

நாலு மணிக்கு வைத்த அடக்கத்தை மாதா கோயில் சாமியார் ஆறு மணி வரை நிறுத்தி வைத்தார். அந்த வெயிலில் அதற்கு மேல் உடம்பு தாங்காது என்றார்கள். எடுத்துவிட்டோம்.

தம்பி மறுநாள் காலையில் வந்தான். பெட்டியைக்கூட இறக்காமல் கல்லறைக்குப் போனான். ஈர மண்ணில் கையை வைத்தபடி, "மூடறதுக்கு முன்னால மொகம் எப்படிக்கா இருந்திச்சி?" என்று மட்டும் கேட்டான்.

மாதக் கடைசியில் மேலதிகாரி அறிக்கையை என் மேசையில் வைத்தார். "பாத்தியாம்மா, சராசரி அரை மணியத் தாண்டல."

தம்பி வந்த விமானத்தின் மூன்று மணி நேரமும் அந்தச் சராசரி அரை மணிக்குள்தான் இருந்தது. கீழே, கணக்கிட்டவர் என்ற இடத்தில் என் கையெழுத்துக்காக இடம் விட்டிருந்தார்.

போட்டேன்.