கடைசிப் பத்தி

நோயல் விமானம் ஏறியது ஒரு சாம்பல் புதன்கிழமை. சாந்தோம் கோயிலில் பூசிய சாம்பல் நெற்றியில் இருக்க, "மூணு வருசம்தான்க்கா, ஓடிப்பூடும்" என்று அக்கா ஐவியிடம் சொல்லிவிட்டு, கட்டட வேலைக்கு வளைகுடா போனான். வழியனுப்பிய ஐவி மதியமே ஆபீசில் இருந்தார்.

ஆபீஸ் என்பது லஸ் பக்கம் ஒரு மாடியில் நடக்கும் மாலைப் பத்திரிகை. ஐவி வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்ப்பவர். ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பிய எனக்கு அவர் பக்கத்து நாற்காலி கிடைத்தது. பத்திரிகைப் பக்கத்தில் இடம் பற்றாவிட்டால் செய்தியைக் கீழிருந்து வெட்டுவது எங்கள் தொழில் வழக்கம். அதனால் ஐவி எதையும் கீழிருந்துதான் படிப்பார். கல்யாணப் பத்திரிகையைக்கூட அச்சகத்தின் பெயரிலிருந்து தொடங்குவார். "இன்னா நடந்துச்சுன்னு மேல கீது. ஏன் நடந்துச்சுன்னு அடியில தூங்கிக்கினு கீது" என்பார், ஒரு காலை நாற்காலியில் மடித்துக்கொண்டு.

மறு வருடம் ஒரு பிற்பகல் வந்த செய்தியின் முதல் வரி: கல்வீசிய வெளிநாட்டுத் தொழிலாளர்கள் கைது. ஐவி நேரே அடிக்குப் போனார். வெயிலில் ஒருவர் சுருண்டு விழுந்து இறந்த பிறகும் வேலை நிற்கவில்லை. ஊருக்குப் போகிறோம் என்று பாஸ்போர்ட்டைக் கேட்டவர்களை அறையில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். பூட்டியது நோயலின் கம்பெனி. காலையிலிருந்து அவன் போனை எடுக்கவில்லை என்று என்னிடம் மட்டும் சொன்னார். "கலவரக்காரன்னு பேர் வந்துட்டா, அவனுங்களுக்காக இங்க எவன் பேசுவான்?"

பக்கப் பொறுப்பாளர் நாகராஜ் மூன்று வரிதான் தருவேன் என்றார். ஒரு நடிகையின் நிச்சயதார்த்தப் படம் வந்திருந்தது.

"இன்னா நைனா, கல்லு உட்டத போடுவ, எதுக்கு உட்டான்னு போட மாட்டியா?"

"ஐவிம்மா, நீ இன்னா எல்லா நாட்டுக்கும் வக்கீலா? போன வாரம் சுரங்கத்துல செத்தவனுக்கு சண்ட போட்ட, அதுக்கு முன்ன படகுல போனவனுக்கு."

"மூணு வரியா? போதும், உடு."

முதல் வரியில் இறந்தவர். இரண்டாவதில் பூட்டிய அறை. கைது மூன்றாவதில்தான் வந்தது. விமான நிலையத்துக் கண்ணாடி வழியாக மட்டுமே நான் பார்த்திருந்த அந்த ஊர் வெயில், அந்த மூன்று வரியில்தான் எனக்குச் சுட்டது.

தம்பி அங்கே இருக்கிறான் என்று சொல்லியிருந்தால் நாகராஜ் படத்தைச் சுருக்கி இடம் கொடுத்திருப்பார். ஏன் சொல்லவில்லை என்று படியிறங்கும்போது கேட்டேன்.

"தம்பின்னு கேட்டு வாங்கினா, சுரங்கத்துல செத்தவனுக்கு எந்த அக்கா போய் கேப்பா?"

கைதானவர்களில் நோயலும் ஒருவன் என்று மறுநாள் தெரிந்தது. அதற்குப் பிறகு வழக்கு நடக்கிறது என்பதைத் தவிர எந்தத் தகவலும் இல்லை. ஐவி ஒரு நாள்கூட லீவு போடவில்லை. எந்த நாட்டுச் செய்தி வந்தாலும் அடியிலிருந்து ஒரு வரியை மேலே ஏற்றிக்கொண்டே இருந்தார்.

இரண்டு கிறிஸ்துமஸ் கழிந்து, ஆபீஸ் வாசலில் மூன்றாவது வருட ஸ்டாரைக் கட்டிய அன்று அவர் போனுக்கு ஒரு நீளமான மெசேஜ் வந்தது. "அக்கா, என்னை விட்டுட்டாங்க" என்று மேலேயே இருந்ததை நான் பார்த்துவிட்டேன். ஐவி பார்க்கவில்லை. கட்டைவிரல் பழக்கப்படி கீழே தள்ளிக்கொண்டே போய், கடைசி வரியில் நின்றது: "கூட இருந்தவங்க இன்னும் உள்ளதான் கீறாங்க."

பிறகுதான் மேலே வந்தார். "விட்டுட்டாங்க" என்ற சொல்லை இரண்டு விரலால் பெரிதாக்கி, வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். கீபோர்டை இழுத்து, நோயலின் கடைசி வரியைச் செய்தியின் முதல் வரியாக அடிக்கத் தொடங்கினார்.