கூண்டை இறக்கிய அன்று எண்ணூருக்குப் போனது

ராயபுரத்திலிருந்து எண்ணூர் ஒன்பது மைல். மற்ற நாளில் ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய் இறங்கிவிடலாம். போன ஐப்பசியில் எனக்குக் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஆனது. வடக்கே தொழிலுக்குப் போன ஆம்பளைகளைத் தேடி இந்த வழியில் இனியும் பெண்கள் போகத்தான் போகிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்து இப்படித்தான் இருக்கும்.

என் வீட்டுக்காரர் பெயர் கன்னியப்பன். அவரும் அவர் தம்பி எல்லப்பனும் கட்டுமரத்தோடு வடக்கே போயிருந்தார்கள். பழவேற்காட்டுக்குத் தெற்கே ஒரு மணல்திட்டில் குடிசை போட்டுத் தங்கி மீன் பிடிப்பது. வருஷா வருஷம் போவதுதான்.

அவர்கள் போன நாலாம் நாள் பூங்கா ரேடியோவில் புயல் என்று சொன்னான். கடலூருக்கும் நெல்லூருக்கும் நடுவே எங்கேயாவது கரையேறுமாம். அந்த நடுவில் எங்கள் குப்பமும் இருந்தது, அவர் இருந்த திட்டும் இருந்தது. துறைமுகத்துக் கொடிமரத்தில் மூன்றாம் நம்பர் புயல் கூண்டு ஏற்றினார்கள். மறுநாள் புயல் பலத்துவிட்டது, பட்டணத்துக்குப் பக்கமாகவே வரும் என்று ஏழாம் நம்பர் ஏற்றினார்கள். குப்பமே கட்டுமரங்களை மேட்டுக்கு இழுத்துப் போட்டுவிட்டுத் தூங்காமல் உட்கார்ந்திருந்தது. விடிந்து பார்த்தால் ஏழை இறக்கி மறுபடி மூன்றை ஏற்றியிருந்தார்கள். எல்லோருக்கும் உயிர் வந்தது. பொங்கலைப் போலச் சிரிப்பும் கூச்சலும்.

பக்கத்துக் குடிசை ராசாத்தி வந்தாள். "இன்னாம்மே, இன்னும் மூஞ்சத் தூக்கி வச்சினுகீறே? கூண்டு எறங்கிட்ச்சு. போய் அடுப்பப் பத்த வையி."

"எங்க போச்சாம்?" என்று கேட்டேன்.

"எங்கயோ வடக்கால. அது எங்க பூட்டா நமக்கு இன்னா?"

சொன்ன பிறகு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். துறைமுகத்துக் கூண்டு துறைமுகத்துக்கு மட்டும்தான் சேதி சொல்லும். ஏழு இறங்கியது என்றால் புயல் செத்தது என்று அர்த்தமில்லை, வேறு ஒருத்தர் தலைமேல் போய்விட்டது என்று அர்த்தம். அந்த ஒருத்தர் என் வீட்டுக்காரர். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினேன்.

ஸ்டேஷனில் கேட்டால், தண்டவாளத்தில் தண்ணீர், எண்ணூர் வண்டி எப்போது என்று சொல்ல முடியாது என்றார்கள். எட்டரை மணிக்குக் கடற்கரைச் சாலையில் திருவொற்றியூர் பஸ் பிடித்தேன். நாலு மைல், இரண்டு அணா. கண்டக்டர் என்னைப் பார்த்து, "இன்னாம்மே, புயலு வேடிக்கை பாக்கப் போறியா? அதுதான் ஊர வுட்டே ஓடிட்ச்சே" என்றான். பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள்.

"அது ஓடுன எடத்துக்குத்தான் நைனா போறேன். என் வூட்டுக்காரரு அங்க கீறாரு."

இறங்கும்போது கண்டக்டரே கை கொடுத்து இறக்கிவிட்டான்.

திருவொற்றியூரில் தீப்பெட்டித் தொழிற்சாலை ஆட்கள் நனைந்துகொண்டே வேலைக்குப் போனார்கள். தேரடிப் பக்கம் டீக்கடையில் ஒருவர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். புயல் கடலூருக்குப் போகிறது என்று போட்டிருந்ததாம். முந்தின நாள் பேப்பர். தெரிந்தும் இன்னொரு தரம் படித்துக் காட்டச் சொன்னேன். கடலூருக்கே போகட்டும் என்று ஒற்றியூர் அம்மனை வேண்டிக்கொண்டேன். அங்கேயும் என்னைப்போல ஒருத்தி இருப்பாள் என்று அப்போது தோன்றவில்லை.

அங்கிருந்து எண்ணூர் ஐந்து மைல். மாட்டுவண்டிக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். ஜட்கா ஓட்டுகிற ஒரு பாய் மட்டும் எட்டணா கேட்டார்.

"ஆம்பள யாரும் கூட வர்லியாம்மா?"

"ஆம்பளையத் தேடித்தான் பாய் போறேன்."

அவர் குதிரையைத் தட்டினார். எர்ணாவூர் தாண்டியதும் கடல் சாலைமேலேயே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. குதிரை நின்றுவிட்டது. தாஜா செய்தார், திட்டினார், அது காதை மடித்துக்கொண்டு நின்றது. "இதுக்குக் கீற புத்தி நமக்கு இல்லம்மா. திரும்பிடலாம் வா," என்றார். நான் இறங்கிக்கொண்டேன். நாலணாதான் வாங்கினார். மீதி மூன்று மைலும் நடை. முழங்கால் தண்ணீரில் நடக்கிறவர்கள் சாலையின் மேற்கு ஓரமாகவே நடக்க வேண்டும், கிழக்கு ஓரம் அரித்துப்போயிருக்கும்.

எண்ணூரில் கால்வாய்த் துறையில் விறகுப் படகுகள் கட்டிக் கிடந்தன. மற்ற நாளில் இங்கிருந்து கால்வாய் வழியே பழவேற்காட்டுக்குப் படகு உண்டு. காற்று இருந்தால் பாய், இல்லையென்றால் கரையிலிருந்து கயிறு கட்டி இழுப்பார்கள். தேசப்பன் என்கிற படகுக்காரரிடம் காலில் விழாத குறையாகக் கேட்டேன். தூக்கிவாரிப்போட்டதுபோல் பார்த்தார்.

"பட்டணத்துலேர்ந்து வர்றியே, ரேடியோவுல இன்னா சொன்னான்?"

"நெல்லூருன்னு சொல்றாங்க."

"ஸ்டேசன்ல மசூலிப்பட்ணம்னு சொன்னாங்களே? மசூலிக்குப் போனா ஒனக்கு நல்லது. நெல்லூருன்னா..." நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்தார். "படகு எடுக்க மாட்டேம்மா. ஒன் ஒர்த்தருக்காக நாலு பேரு தாலிய நான் அறுக்கக் கூடாது."

நியாயம்தான். அங்கேயே படகுக் கொட்டகையில் மற்ற படகுக்காரர்களின் பெண்டுகளோடு தங்கினேன். பொழுது சாய்ந்ததும் காற்று திரும்பியது. அதுவரை கடலிலிருந்து அடித்தது, கரையிலிருந்து கடலுக்கு அடிக்க ஆரம்பித்தது. கழிமுகத்துத் தண்ணீரைக் காற்றே வாரிக்கொண்டு போனதுபோல் சேறு தெரிந்தது. மேலக்காற்று வந்தால் புயல் கடந்துவிட்டது என்று எங்கள் குப்பத்தில் சொல்வார்கள். எனக்கும் மனம் கொஞ்சம் ஆறியது. தேசப்பன்தான் தலையை ஆட்டினார். "இது மிச்சக் காத்து இல்ல. வடக்கால நின்னு இஸ்க்குது."

மறுநாள் மத்தியானம் எல்லப்பன் வந்தான். கால்வாய்க் கரையோடு நடந்தே வந்திருக்கிறான். தனியாக வந்தான். என்னைப் பார்த்ததும் பத்தடி தள்ளியே உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணி, காத்து மேலால திரும்பிட்ச்சு. அண்ணன் சொல்லிச்சு, புயல் கடந்துட்ச்சுடா, வல கெடக்குது, எட்த்தாந்துர்றேன்னு. நான் வேணாம்னேன். ரெண்டு வீச்சு தூரந்தான் அண்ணி. கரையிலேர்ந்து பாத்துக்கினே கீறேன். துடுப்பு போடுது, போடுது, மரம் திரும்பவேல்ல. காத்து அப்பிடியே இஸ்துக்கினு பூட்ச்சு."

"கூப்ட்டியா?"

"கூப்ட்டேன் அண்ணி. அது கைய ஆட்டிச்சு. வாடான்னு ஆட்டிச்சா, வராதேன்னு ஆட்டிச்சா, தெரில."

திட்டிலேயே குடிசையில் படுத்திருந்தால் பிழைத்திருப்பார். குப்பத்தில் கூண்டு இறங்கியதைப் பார்த்துச் சிரித்தார்களே, அதே சந்தோஷம்தான் அவரையும் கடலில் இறக்கியது.

எல்லப்பன் கரையோரமாகத் தேட மறுபடி வடக்கே போனான். இன்றுவரை கட்டுமரத்தின் ஒரு கட்டைகூடக் கிடைக்கவில்லை. எத்தனை நாள் பார்த்துவிட்டுத் தாலியைக் கழற்றுவது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். புயல் எங்கே போகும் என்று சொன்னார்களே, அந்த மாதிரி.

போகிறவர்களுக்கு: ரயில் ஓடினால் ரயில்தான் நல்லது. பஸ் திருவொற்றியூர்வரை நம்பலாம். எண்ணூர்க் கிணற்றுத் தண்ணீர் உப்பு, குடிக்க எடுத்துப் போங்கள். கூண்டு இறங்கினால் வேறு எந்தத் துறைமுகத்தில் ஏறியிருக்கிறது என்று கேளுங்கள். காற்று மேலக்காற்றாகத் திரும்பினாலும் ஒரு ராத்திரி பொறுக்கச் சொல்லி ஆம்பளைகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள். கேட்பார்களா, தெரியாது.

நான் திரும்பும்போது ரயில் ஓட ஆரம்பித்திருந்தது. ராயபுரத்தில் வண்டி நின்றது தெரியும். எழுந்திருக்க வரவில்லை. வண்டி கிளம்பிவிட்டது. கடைசி ஸ்டேஷனான பீச்சில் வண்டியைப் பெருக்குகிறவள் வந்து, "எந்தூரும்மே நீ?" என்று தோளைத் தொட்டாள். ஊர்ப் பெயர் வாயில் வரவில்லை. ஆகையால் யாராவது ஒருத்தரைக் கூடக் கூட்டிப் போங்கள். போவதற்குத் தனியாகவே போய்விடலாம். திரும்பி வருவதற்கு ஆள் வேண்டும்.