மாவுக்குள் பாய்ந்த ரைபிள் ஸ்பிரிங்

முசரவாக்கத்தில் எங்களுக்கு வேர்க்கடலைக் கொல்லை இருந்தது. கடலைக்கு வரும் காட்டுப்பன்றிகளை விரட்ட அப்பா ஒரு ரைபிள் வைத்திருந்தார். பெல்ஜியத்தில் செய்த செமி ஆட்டோமேடிக். விசையை அழுத்த அழுத்த அடுத்த தோட்டா தானே ஏறிக்கொள்ளும். தோட்டாக்களை நிரப்புவது தோளில் சாய்க்கும் பின்கட்டைக்குள். அந்த மாதிரி இன்னொன்றை நான் எங்கும் பார்த்ததில்லை. அப்பா அதைக்கொண்டு ஒரு பன்றியையும் கொன்றதில்லை. வானத்தைப் பார்த்துச் சுடுவார். பன்றிகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கடலையைத் தோண்டும்.

அவர் போன பிறகு உரிமம் என் பெயருக்கு மாற வருடக்கணக்கில் ஆனது. அதுவரை ரைபிள் சென்னையில் ஒரு துப்பாக்கிக் கடையின் இரும்பு அலமாரியில் தூங்கியது. கைக்கு வந்ததும், நான் உறுப்பினராகச் சேர்ந்திருந்த துப்பாக்கி சுடும் சங்கத்துக்கு எடுத்துப்போனேன். அங்கே பயிற்சியாளர் ராணுவத்தில் இருந்தவர். அவரே பின்கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாமா, தோட்டாவ பின்னால போட்டா முன்னால வருதா?"

முதல் தோட்டா பெருமையாக வெடித்தது. அதோடு சரி. உள்ளே பழைய கிரீஸ் மெழுகாக இறுகிப்போயிருந்தது. அடுத்த தோட்டா ஏற ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துவிட வேண்டியிருந்தது.

"ஆட்டோமேடிக்குன்னு சொன்ன, கைப்பம்பு மாதிரி இருக்குதே," என்று சிரித்தார் அவர். "போய் நல்லாக் கழுவிக்கினு வாம்மா."

மறுநாள் காலை, தோட்டா இல்லை என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு, சமையலறைத் தரையில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தேன். துடைக்கத் துணி வேண்டும். என் கணவர் பட்டுச்சேலை வியாபாரி. வீடு முழுக்கப் பட்டு. எண்ணெயை உறிஞ்சுகிற பருத்தித் துணிதான் ஒரு முழம்கூட இல்லை. கொடியில் அவர் வேட்டி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. கிழித்தேன்.

பக்கத்தில் மாமியார் இரவு புளிக்கவைத்த இட்லி மாவைச் சட்டியில் கலக்கிக்கொண்டிருந்தார்.

"தையல் மிஷினப் பிரிக்கிற மாதிரி பிரிச்சிக்கினு கீறியே, திரும்ப மாட்டத் தெரியுமாமா?"

"தெரியும் அத்தை," என்றேன். தெரியாது.

மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்ததும் கிரீஸ் கறுப்புப் பாகாகக் கரைந்தது. மகிழ்ச்சியில் ஒரு பாகத்தைச் சற்று அழுத்தி இழுத்துவிட்டேன். டிங்! உள்ளேயிருந்த ஸ்பிரிங் என் காதோரம் பறந்து மாவுச் சட்டியில் விழுந்து முழுகியது.

இருவரும் சட்டியையே பார்த்தோம். அத்தை முழங்கை வரை கையைவிட்டுத் துழாவி, ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, மூக்கருகே கொண்டுபோனார்.

"கிருஷ்ணாயில் இட்லி. உன் புருசனுக்கு மட்டும் ஊத்திடலாமா?"

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. மாவு குப்பைக்குப் போனது. கணவர் ஓட்டலிலிருந்து இட்லி வாங்கி வந்து, உட்காரும்போதுதான் கவனித்தார்.

"என் வேட்டி ஏன் இந்தத் துப்பாக்கியச் சுத்திக்கினு இருக்குது?"

ரைபிளை மறுபடி மாட்டி முடிக்கச் சாயந்திரமாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு சங்கத்தில் மேசைமேல் முழங்கையை ஊன்றிச் சுட்டேன். டப், டப், டப். தையல் போட்டதுபோல நிற்காமல் ஓடியது. எனக்கு அப்பாவை உடனே கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல் இருந்தது. ஆனால் இந்த ரைபிள், வெடித்த தோட்டாக்களின் காலிக் கூடுகளைப் பக்கவாட்டில் அல்ல, கீழே துப்பும் என்பதை அவர் எனக்குச் சொன்னதேயில்லை. சுடச்சுட ஒன்று என் சுடிதார்க் கைக்குள் இறங்கியது. துள்ளிய துள்ளலில் விசை அழுந்தி இன்னொரு தோட்டா பாய்ந்துவிட்டது.

"கீழ வைம்மா! மொதல்ல அதக் கீழ வை!" என்று பயிற்சியாளர் ஓடிவந்தார்.

வைத்துவிட்டுத்தான் கையை உதறினேன். என் இலக்கு அட்டையில் ஓட்டைகள் நடுவட்டத்தில் நெருக்கமாக விழுந்திருந்தன, ஒன்று மட்டும் குறைவாக. பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்தவரின் அட்டையில் ஒன்று அதிகம், அதுவும் சரியாக நடுவில். அவர் அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். சந்தோஷமாக இருக்கிற மனிதரை எதற்குக் கெடுப்பது என்று விட்டுவிட்டேன்.