துவர்த்தாமல் விட்ட வண்டி

தலை குளித்தவர் ஈரம் போகத் துடைத்துக்கொள்வதை எங்கள் நாஞ்சில் நாட்டில் துவர்த்துதல் என்போம். துடைக்கும் துண்டுக்கும் துவர்த்து என்றே பெயர். வடக்கேயிருந்து வருவோர் இதை மலையாளத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட சொல்லென்று எண்ணுவதுண்டு. அது பழந்தமிழ்ச் சொல். துவர்தல் என்றால் உலர்தல். துவர என்றால் முற்றிலும். எச்சமின்றி நீரைப் போக்குவதே துவர்த்துதல் என்று ஒருநாள் என் மகனுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவன் அப்போது தன் வண்டியின் கூரைமேல் துணியை விரித்து மெல்ல இழுத்துக்கொண்டிருந்தான்.

“இதுக்கும் ஒரு சூத்திரம் வச்சிருக்கியளாப்பா?” என்றான்.

மகிழுந்து என்று எழுதுவதே என் வழக்கம். வாழ்நாளெல்லாம் மாணாக்கருக்கு அப்படியே கற்பித்தேன். இப்போது அச்சொல்லின் முற்பாதியை எழுதக் கை ஒப்பவில்லை. ஆகையால் வீட்டில் எல்லாரும் சொல்வதுபோல வண்டி என்றே எழுதுகிறேன்.

அது கருநிற வண்டி. வளைகுடா நாட்டில் சில ஆண்டுகள் பொறியாளனாய் இருந்துவிட்டு ஊர் திரும்பியதும் மகன் வாங்கியது. கருநிறம் வேண்டாம், நம் நீருக்கு ஆகாது என்று அவன் அம்மா சொல்லிப் பார்த்தாள். எங்கள் ஆழ்துளைக் கிணற்றில் வருவது கடுநீர். குடத்தில் வைத்தால் அடியில் வெண்பொடி படியும். அந்நீரால் கழுவி அப்படியே விட்டால், ஒவ்வொரு துளியும் காய்ந்து தன் விளிம்பை ஒரு வெள்ளை வளையமாக வரைந்துவிட்டுப் போகும். வெண்ணிற வண்டியில் அது கண்ணுக்குத் தெரியாது. கருநிறத்தில் ஒன்றுகூட மறையாது. துவர்த்தினால் போதும், கருநிறமும் நிற்கும் என்றான் மகன்.

சொன்னபடியே செய்தான். வெயிலில் ஒருபோதும் கழுவமாட்டான். ஞாயிறு சாய்ந்து, இரும்புத் தகடு சூடு தணிந்த பிறகே குழாயைத் திறப்பான். கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி வருவான். துணியை வைத்துத் தேய்க்கக் கூடாது என்பது அவன் கொள்கை. தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத மணல் கீறிவிடும். எங்கள் கடற்கரை மணல் காற்றோடு எங்கும் வரும். ஆகவே தடித்த மென்துணி ஒன்றை விரித்து, அதன் இரு முனைகளையும் பிடித்துத் தன்பக்கம் இழுப்பான். அதன் பிறகுதான் நுண்வேலை. பக்கக் கண்ணாடியின் கூட்டுக்குள் நீர் ஒளிந்திருக்கும். எல்லாம் முடிந்த பின் அது மெல்லக் கசிந்து கதவில் கோடிடும். கதவின் இடுக்கு, எண்பலகையின் பின்புறம், விளக்கின் ஓரம் என ஒவ்வொன்றையும் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஒற்றி எடுப்பான்.

இடப்பக்கம் மருமகளுடையது. அவள் பள்ளி ஆசிரியை; அவர்களுக்கு மக்கட்பேறு இல்லை. சனிக்கிழமை மாலைகளில் இருவரும் வண்டியின் இருபுறமும் நின்று துவர்த்துவதை நான் முற்றத்தில் நாற்காலியிட்டுப் பார்த்திருப்பேன். “ஏட்டி, கண்ணாடிக்கூட்ட விட்டுட்டெ” என்பான். “ஒங்க பக்கத்தப் பாரும்” என்பாள் அவள். அவர்கள் பேசிக்கொண்டது பெரும்பாலும் அவ்வளவே. அவ்வேலையில் அவர்களுக்கு இருந்த ஒன்றிப்பை நான் வேறெந்த வேளையிலும் கண்டதில்லை.

அத்தகைய ஒரு சனிக்கிழமைக்கு மறுநாள் விடியலில் மகன் நெஞ்சடைத்து இறந்தான். மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வண்டியைக் கிளப்பும் நேரம்கூட அவன் எங்களுக்குத் தரவில்லை.

எனக்குக் கொள்ளி வைக்க வேண்டியவனுக்கு நான் வைத்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

சுடலையிலிருந்து திரும்புவோர் ஆற்றில் மூழ்கி எழுந்து, தலை துவர்த்தாமல் ஈரம் சொட்டச் சொட்ட வீடு வந்து சேரவேண்டும் என்பது எங்கள் குடும்ப வழக்கம். துட்டிக்குப் போய் வந்தவர், அதாவது இறப்பு வீட்டுக்குப் போய் வந்தவர், அவசரமாய்த் தம்மை உலர்த்திக்கொண்டால் இறந்தவரை உதறிவிட்டதாக ஆகும் என்று முன்னோர் கருதினர் போலும். அன்று நான் அவ்வாறே வந்தேன். பங்குனி வெயில் உச்சியில் நின்றது. தலையிலிருந்து வழிந்த ஆற்றுநீர் கண்ணுக்குள் இறங்கியபோது, அது நல்லதென்றே தோன்றியது.

மகனின் வண்டியும் சுடலை வரை வந்திருந்தது. கொள்ளிக்குடமும் நெய்யும் பிறவும் அதில்தான் ஏற்றப்பட்டன. ஓட்டியவர் என் மைத்துனர், மனைவியின் தம்பி. எங்கள் குடும்பத்தில் திருமணமாயினும் சாவாயினும் முறை பிசகாமல் நடத்தி முடிப்பவர் அவர். திரும்பியதும் வண்டியை வாசலுக்கு வெளியே நிறுத்தி, குழாய் நீரைப் பீய்ச்சிக் கழுவச் சொன்னார். கழுவிய உறவுக்கார இளைஞர் வழக்கம்போலத் துணியை எடுத்தார். மைத்துனர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“துட்டிக்குப் போன வண்டியாக்கும்டே. தொவத்தப்பிடாது. அதும் நம்மளப் போல சொட்டச் சொட்ட நிக்கட்டு.”

இச்சொற்கள் அன்று என் காதில் விழுந்தன. யாருக்கும் அதில் பிழையொன்றும் தோன்றவில்லை. சொல்லப்போனால், உயிரற்ற ஒரு பொருளையும் துக்கத்தில் நம்மோடு சேர்த்துக்கொண்ட அந்த எண்ணத்தை அங்கே நின்ற முதியவர் ஒருவர் மெச்சவும் செய்தார். வண்டி அன்று பிற்பகல் முழுதும் நடுவெயிலில் நின்று, தானே காய்ந்தது.

பதினாறாம் நாள் சடங்கான அடியந்திரம் முடிந்து உறவினர் கலையும் வரை அதன்மீது யாருடைய பார்வையும் நிலைக்கவில்லை. மறுநாள் காலை மருமகள் முற்றத்துக்கு வந்தாள். இறப்புக்குப் பின் அவள் வெளியே வந்தது அதுவே முதன்முறை. வண்டியின் முன் நின்றவள் நெடுநேரம் அசையவில்லை. நான் எழுந்து போய்ப் பார்த்தேன். கூரை, பொறியை மூடும் முன்மூடி, கதவு என எங்கும் வெள்ளை வளையங்கள்; வளையத்தின் மேல் வளையம். கழுவிய நீர் வழிந்த தடமெல்லாம் சுண்ணாம்புக் கோடாகத் தெரிந்தது.

“யாரு மாமா இத துவத்தாம விட்டது?” என்றாள்.

சொன்னேன். அவள் உள்ளே சென்று அவன் துணியை எடுத்து வந்தாள். நீரில் நனைத்து ஒற்றினாள், போகவில்லை. பின்னர்க் காடியில் நீர் கலந்து ஒற்றி எடுத்தால் போகும் என்று அவன் என்றோ சொன்னது நினைவுக்கு வந்ததாம். கோட்டாற்றுக் கடைத்தெருவுக்குப் போய் நான் ஒரு புட்டி வாங்கி வந்தேன். கடைக்காரர் அதை வினாகிரி என்றார்; எனக்கு அது காடி. அவள் இரண்டு நாள் மாலையில் சிறிது சிறிதாக ஒற்றினாள். மேலோட்டமாய்ப் படிந்தவை கரைந்தன. முன்மூடியிலும் கூரையிலும் வெயில் நேரே அடித்த இடங்களில் இருந்தவை மட்டும் அசையவில்லை.

இவ்வளவு பாடு ஏன் என்பது எனக்கு உடனே விளங்கவில்லை. வண்டியின் அழகைப் பற்றிய கவலையாக இருக்காது என்பது மட்டும் தெரிந்தது. நாகர்கோவிலில் வண்டிக்கு மெருகேற்றும் ஒரு பட்டறைக்கு அவள் தானே ஓட்டிச் சென்றபோது நானும் உடன் போனேன். அங்கிருந்தவர் கறையொன்றை நகத்தால் சுரண்டிப் பார்த்து, இது மேலே நிற்கவில்லை, பூச்சைத் தின்று உள்ளே இறங்கிவிட்டது, மேல்தோலில் கொஞ்சத்தைப் பொறிவைத்து அரைத்து எடுத்தால் எல்லாம் போய்விடும் என்றார்.

“மேத்தோலுன்னா எது?” என்று கேட்டாள்.

“நிறத்துக்கு மேல கண்ணாடி போல ஒரு பூச்சு உண்டுல்லா. நீங்க தொட்டுத் தொடைக்கது அதத்தான்.”

அவள் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டாள். வேண்டாம், யோசித்துச் சொல்கிறோம் என்று கூறிவிட்டு வண்டியைத் திருப்பினாள். சாலையின் இருமருங்கும் வயல்கள் அறுப்பு முடிந்து வெறும் தாளாய்க் கிடந்தன. வீடு நெருங்கும்போது, என்னைப் பாராமலே சொன்னாள்:

“அன்னைக்கு சனிக்கிழம அவரு துவத்துனதுக்கு மேலதான் மாமா இந்தக் கறை விழுந்திருக்கு. இத அரைச்சு எடுத்தா அதும் கூடப் போயிரும். கறை இருந்தா இருக்கட்டு.”

கைபட்ட தடம் எதுவும் ஒரு தகட்டில் தங்குவதில்லை. அதை அவளும் அறிவாள். பள்ளியில் அறிவியல் கற்பிப்பவள். அவன் உடைகளை முறைப்படி ஆற்றோடு விட்டாயிற்று. உடலை நானே எரித்தேன். அவன் இறுதியாகத் தன் கையால் செய்து முடித்த செயல் அந்தக் கரும்பரப்பு ஒன்றே. அதன்மேல் கறை படிந்தாலும் அது அடியில் இருக்கிறது என்னும் எண்ணத்தைப் பற்றிக்கொண்டு அவள் எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தாள். மறுநாள் பள்ளிக்கும் சென்றாள். வண்டியைத் தொடவில்லை, பேருந்திலேயே போய் வந்தாள். மாலையில் வந்ததும் ஒருமுறை அதைச் சுற்றி நடந்துவிட்டு உள்ளே வருவாள்.

அவள் வழியில் சொன்னதை நான் என் மனைவியிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்பதற்காக அல்ல. அதைத் திருப்பிச் சொல்லும் வலிமை எனக்கில்லை. என் மனைவி கண்டதெல்லாம் கறையையும், காடியோடு மருமகள் பட்ட பாட்டையும், பட்டறையிலிருந்து கறையோடே திரும்பி வந்ததையும்தான். அதனால் தம்பியிடம் தொலைபேசியில் மனம் வெதும்பிப் பேசியிருக்கிறாள். நீ துவர்த்த விடாததால் வண்டியெங்கும் வெள்ளைத் தேமல், பெண் அதையே பார்த்துப் பார்த்து மாய்கிறாள் என்று சொன்னாளாம்.

மைத்துனர் கல்மனத்தவர் அல்லர். தாம் சொன்ன ஒரு சொல்லால் ஒரு கைம்பெண்ணின் துயரம் கூடியது என்பதை அவரால் பொறுக்க இயலவில்லை. ஒருநாள் முற்பகலில் வந்தார். நான் கண் மருத்துவரிடம் போயிருந்தேன். மருமகள் பள்ளியில் இருந்தாள். அக்காளிடம் சாவியை வாங்கிக்கொண்டு, ஒரு வேலை இருக்கிறது, மாலைக்குள் வந்துவிடுவேன் என்று வண்டியை எடுத்துச் சென்றிருக்கிறார்.

நான் திரும்பியபோது அவர் இன்னும் வரவில்லை. முற்றம் வெறுமையாய் இருந்தது. மனைவி சொன்னதைக் கேட்டதும் எங்கே போயிருப்பார் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. அவர் கைப்பேசியை அழைத்தேன். எடுக்கவில்லை, பட்டறையில் பொறியின் இரைச்சலில் கேட்டிராது.

பொழுது சாயும் வேளையில் வண்டி வந்தது. முற்றத்தில் அது வந்து நின்றபோது வேப்பமரத்தின் இலைகள் முன்மூடியில் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. கறை ஒன்றுகூட இல்லை. ஓட்டுநர் கதவின் எதிர்ப்புறத்தில், துவர்த்தும்போது மருமகளின் வளையல் பட்டு உண்டான மெல்லிய கீறல் ஒன்று இருந்தது. அதைச் சரிசெய்ய வேண்டாமென்று மகன் வைத்திருந்தான். அதுவும் இல்லை. வாங்கிய நாளில்கூட அவ்வண்டி அப்படி ஒளிர்ந்ததில்லை.

மைத்துனர் இறங்கி வந்தார். நாள் முழுதும் அங்கேயே நின்று, ஒரு மூலை விடாமல் செய்யச் சொன்னாராம். உண்ணவும் இல்லையாம். “அவ வரட்டும் அத்தான். கண்ணு குளிரப் பாக்கட்டும்” என்றார். மனைவி அவருக்குக் காப்பி கொண்டுவர உள்ளே போனாள். அவரும் கை கால் கழுவ அவள் பின்னே போனார். நான் முற்றத்திலேயே நின்றேன். அவள் வருமுன் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். சொல்லாராய்ச்சியில் தலை நரைத்தவனுக்கு அந்த வேளைக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை.

மருமகள் வாசலைத் திறந்துகொண்டு வந்தாள். தோளில் பையோடு அப்படியே நின்றாள். பிறகு மெல்ல நடந்து வந்து உள்ளங்கையை முன்மூடியின்மேல் வைத்தாள். சூடு பட்டதுபோல எடுத்துவிட்டாள். வழக்கம்போல ஒருமுறை சுற்றி வரவில்லை. எதிர்ப்புறக் கதவருகே குனிந்து பார்க்கவும் இல்லை. வீட்டுக்குள்ளிருந்து மைத்துனரின் குரல் கேட்டது. யார் செய்தது என்று அவள் கேட்கவில்லை.

“நல்லாருக்கு மாமா,” என்றாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. “இனி வித்திரலாம்.”

உள்ளே சென்றாள். மைத்துனரைப் பார்த்து, வாங்க என்று முறைப்படி சொன்னதும், சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று சொன்னதும் எனக்குக் கேட்டன. பின்னர் அவள் அறைக்கதவு சாத்தப்பட்டது.

மைத்துனர் காப்பிக் குவளையோடு வெளியே வந்து என் அருகில் அமர்ந்தார். வண்டியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

“என்ன சொல்லுகா அத்தான்?”

“நன்றாயிருக்கிறது என்றாள்” என்றேன்.

அவர் குவளையைக் கீழே வைத்தார். சாவு வீட்டிலும் சுடலையிலும் அடியந்திரத்திலும் எல்லாவற்றையும் கலங்காமல் நடத்திய மனிதர், இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழத் தொடங்கினார். பாரம் இறங்கியது அத்தான், பாரம் இறங்கியது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் முதுகில் கை வைத்தபடி இருந்தேன்.

மருமகள் சொன்னதில் மீதியை, வண்டியை விற்றுவிடலாம் என்றதை, அவர் பேருந்து ஏறிச் சென்ற பிறகு என் மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் ஏன் என்று கேட்டாள். அப்போதுதான், பட்டறையிலிருந்து திரும்பும் வழியில் மருமகள் பேசியதையும் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டுவிட்டு மனைவி அடுக்களைக்குள் போனாள். அன்றிரவு எங்கள் வீட்டில் யாரும் உண்ணவில்லை.