தமிழ்ப்படத்தன்று மட்டும் வந்த கோடு

எங்கள் ஊரில் முதன்முதலில் டிவி வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். சிக்கல் கிராமத்தைச் சுற்றி எந்த ஊரில் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். மிளகாய் நல்ல விலைக்குப் போன வருஷம், பஸ் கூரையில் ஏற்ற மனசில்லாமல், அய்யா அதை ராமநாதபுரத்திலிருந்து மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிக் கைப்பிள்ளையைப் போலக் கொண்டுவந்தார். கறுப்பு வெள்ளைப் பெட்டி. இழுத்து மூடிப் பூட்ட மரக்கதவு உண்டு. அதன் சாவி என் இடுப்பில் இருந்தது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான் நான். ஆனாலும் ஊரே என் கையைப் பார்த்துக் காத்திருந்த காலம் அது.

மெட்ராஸ் டிவி எங்கள் பக்கம் எட்டாது. கடலுக்கு அந்தப் பக்கத்துச் சிலோன் டிவிதான் கிடைக்கும். மாடியில் உயரமாகக் குழாய் நட்டு ஆண்டெனாவைக் கிழக்கே திருப்பி வைத்திருந்தோம். தினமும் சிங்களத்தில் செய்தி வாசிப்பார்கள். ஒரு வார்த்தை விளங்காது. படம் மட்டும் கண்ணாடி மாதிரித் தெரியும். வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் தமிழ்ப்படம். அன்றைக்கு எங்கள் கூடம் கொள்ளாது. படம் சூடுபிடிக்கும் நேரம் பார்த்து, திரையின் குறுக்கே வெள்ளை வெள்ளையாகக் கோடு ஓட ஆரம்பிக்கும். பேச்சுக்கு நடுவே வண்டு மாதிரி இரையும். கொஞ்ச நேரம் ஆட்டம் காட்டிவிட்டுத் தானாகப் போய்விடும். மறுநாள் சிங்களச் செய்திக்கு ஒரு கோடு இருக்காது.

ஊர்ச்சனம் சும்மா இருக்குமா? "ஓசியில பாக்குறோம்னு சிலோன்காரனுக்குத் தெரிஞ்சு போச்சப்பா, அதான் கோடு போட்டு அடிக்கிறான்" என்பார் பெரியப்பா. "அந்தப் புள்ள மூஞ்சியில என்னத்தா எறும்பு ஊருது?" என்பாள் கதாநாயகியைக் காட்டி, பின்னால் இருந்து ஒரு கிழவி. எனக்கு என் மூஞ்சியிலேயே ஊர்வது போல இருக்கும்.

கோடு வந்ததும் எங்கள் வீட்டில் இரண்டு காரியம் நடக்கும். ஆண்டெனாவைத் திருப்ப அய்யா மாடிக்குப் போவார். "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வாரேன்" என்று அம்மா தூக்குவாளியோடு கொல்லைக்குப் போவாள். வாளியில் மீன் குழம்பு மணக்கும். மாடு மீன் குழம்பு தின்னாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதையெல்லாம் யோசிக்க எனக்கு நேரமில்லை. மாடியில் நிற்கும் அய்யாவுக்குக் கீழேயிருந்து சேதி சொல்வது என் பொறுப்பு.

"ஏத்தா, இப்பத் தெரியுதா?"

"கோடு இருக்குய்யா!"

"இப்ப?"

"இப்பவும் இருக்குய்யா! அங்கிட்டுத் திருப்புங்க!"

"திருப்பிக்கிட்டுத்தான இருக்கேன்."

கோடு மறையும்வரை இறங்க மாட்டார். மறைந்த பிறகு அய்யா படியிறங்கி வருவார். அம்மா காலி வாளியோடு உள்ளே வருவாள். "எங்கய்யா சரிபண்ணிட்டாக, பாத்தீகளா?" என்று நான் கூட்டத்தைப் பார்த்துக் கேட்பேன்.

இங்கே என் தாய்மாமனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மாவுக்குக் கூடப்பிறந்தது அந்த ஒரு தம்பிதான். பக்கத்து ஊர். அங்கே நடந்த கிடாவெட்டில், கமுதியிலிருந்து வந்த பருத்தி வியாபாரியை மாமன் முதல் இலையில் உட்காரவைத்துவிட்டார். அய்யா அந்த ஊர் மாப்பிள்ளை. இரண்டாவது இலையில் உட்காருவாரா? துண்டை உதறிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். "இனி அவன் என் வாசப்படிய மிதிக்கக் கூடாது. நீயும் அங்கன போகக் கூடாது" என்று அம்மாவிடம் சொன்னார். "கூப்பிடாம மிதிக்க நானும் ஆளில்ல" என்று மாமன் சொல்லியனுப்பினார். இரண்டு ஆம்பிளைகளும் சொன்ன சொல்லில் நின்றார்கள். நடுவில் அம்மா நின்றாள். மாமனிடம் ஒரு பழைய பைக் உண்டு. ஒரு தடவை அணைத்துவிட்டால் திரும்பக் கிளப்ப நாலு பேர் தள்ள வேண்டும். அதனால் எங்கே நின்றாலும் அவர் அதை அணைப்பதில்லை.

கோடு பொறுக்காமல் நான் அழுது அடம்பிடித்ததில், ராமநாதபுரத்திலிருந்து டிவி ரிப்பேர்காரர் வந்தார். தமிழ்ப்படம் போடும் நாளாகப் பார்த்து வரவழைத்தோம். பெட்டியின் முதுகைத் திறந்து பார்த்தார். மாடியேறி, உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்த வயர் முனையைச் சுரண்டினார். படம் ஆரம்பித்தது. பாதியில் கோடும் வந்தது. அவர் காதைச் சாய்த்து அந்த இரைச்சலைக் கேட்டார்.

"பொட்டியிலயும் ஆண்டெனாவுலயும் கோளாறில்லங்கய்யா. பக்கத்துல ஏதோ பழைய பைக்கு ஓடிக்கிட்டே நிக்கிது. அதோட பிளக்குல அடிக்கிற நெருப்புத்தான் இங்கன கோடா விழுகுது. கொல்லப்பக்கம் யாரும் வண்டிய நிப்பாட்டுறாகளா?"

"எங்க ஊருல பைக்கு ஏது?" என்றார் அய்யா.

"ஓடுதுங்கய்யா. ஆளு யாருன்னு தெரிஞ்சாச் சொல்லுங்க. பிளக்குக்கு ஒரு மூடி இருக்கு, மாட்டிவிட்டாக் கோடு வராது."

கொல்லை வாசலில் தூக்குவாளியோடு நின்ற அம்மா அசையவில்லை. அய்யா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"கோடுதான? இருந்துட்டுப் போகுது. படத்தையா மறைக்குது? நீங்க காப்பியக் குடிங்க" என்றார். பிறகு, பெட்டியிலும் ஆண்டெனாவிலும் கோளாறில்லை என்று தன் காதாலேயே கேட்ட அய்யா, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆண்டெனாவைத் திருப்ப மாடிக்குப் போனார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. "யாருன்னு நான் போயிப் பாத்துட்டு வாரேன்" என்று எழுந்தேன். பெரியப்பா என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். "பேசாம படத்தப் பாருத்தா" என்றார். ஊருக்கே தெரிந்திருக்கிறது. சாவி வைத்திருந்தவளுக்கு மட்டும் தெரியவில்லை.

அடுத்த தமிழ்ப்படத்துக்குக் கோடே வரவில்லை. ரிப்பேர்காரர் சுரண்டியது இப்போதுதான் வேலைசெய்கிறது என்று முடிவுகட்டினேன். "இப்ப எறும்பு ஊருதா?" என்று கிழவியைத் திரும்பிப் பார்த்துக் கேட்டேன். அம்மா நிரப்பிய தூக்குவாளியை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"கோடு வரலையாத்தா?" என்றார் அய்யா.

"வரலைய்யா."

"நல்லாப் பாரு."

"ஒண்ணுகூட இல்லைய்யா!" எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா எழுந்துபோய் வாளியை அடுப்படியில் வைத்துவிட்டுத் திரும்பி வராமல் அங்கேயே இருந்துவிட்டாள்.

விடிந்ததும் அய்யா வண்டியைப் பூட்டினார். "படந்தான் நல்லாத் தெரியுதே, திரும்ப எதுக்குய்யா ரிப்பேர்காரரக் கூப்பிடப் போறீக?" என்று கேட்டேன். அவர் மாட்டை அதட்டினார். அம்மா உலையில் ஒரு ஆளுக்குக் கூடுதலாக அரிசி போட்டாள்.

மத்தியானம் வண்டியில் வந்தது மாமன். காலில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் எங்கள் ஊருக்கு வரும் வழியில், கண்மாய்க்கரையில் பைக்கோடு சறுக்கி விழுந்திருக்கிறார். வாசலில் வண்டி நின்றதும் மாமன் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"மச்சான், மிதிக்கக் கூடாதுன்னு சொன்ன படியில்ல?"

"ஏலே, நீ எங்க மிதிக்கப் போற? நாந்தான தூக்கிட்டுப் போறேன்" என்று அய்யா அவரை அள்ளித் தூக்கினார். மாமனின் கால் படியில் பட்டுவிடாதபடி பக்கவாட்டில் திரும்பி நுழைந்தார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த தமிழ்ப்படத்தன்று மாமன் கூடத்துக் கட்டிலில் சாய்ந்திருந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மீனுக்கு முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு கோடு கிடையாது. அய்யா எழுந்து மாடிக்குப் போனார்.

"அய்யா, கோடே இல்ல! இறங்கி வாங்க!"

"இருத்தா. இன்னும் கொஞ்சம் திருப்பிப் பாக்குறேன்."

நன்றாகத் தெரிகிற படத்தை விட்டுவிட்டு அந்த மனுஷர் மேலே எதைத் திருப்பிக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. போதாததற்கு இங்கே அக்காளும் தம்பியும் ஓயாமல் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். வசனம் கேட்கவில்லை. எழுந்துபோய்ப் பெட்டியின் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.