குருவம்மாள் உள்ளே நுழைந்த விதம்

ராஜபாளையத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில், மின்விசிறி சுற்றாத அறையில், சமுத்திரம் மூன்று மாதம் தவமிருந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பால் ஊற்றும் பெண்கள் அன்றாடக் கணக்கை ஏற்றும் தமது சங்கச் செயலிக்குள் ஆள் நுழைவது எப்படி? கடவுச்சொல் என்றால் ஊரே குலசாமி பெயரை வைக்கும். ஒருத்தி பெயரில் ஒன்பது பேர் புகுந்துவிடுவார்கள். கைரேகை என்றால், புல்லறுத்துப் புல்லறுத்து விரலில் கோடே மிச்சமில்லை. ஆகவே ஓ.டி.பி. கைப்பேசிக்கு ஆறு இலக்க எண் வரும். தட்டினால் கதவு திறக்கும். அவருக்கு வயது நாற்பத்தொன்று, வாடிக்கையாளர் ஒன்று. அந்த ஒன்றும் மம்சாபுரம் பக்கத்துப் பால் சங்கம்.

வெள்ளோட்டத்தன்று காலை சங்கத் தலைவர் ஜெயபாண்டி நிபந்தனை போட்டார்.

"வேன் வாரதுக்குள்ள அம்புட்டுப் பாலும் ஏறணும். ஒரு வாளி நின்னாலும் உம்ம பொட்டியத் தூக்கிட்டு ஊரு போய்ச் சேரும்."

முதல் ஆள் குருவம்மாள். எண் போய்விட்டது. எங்கே போனது என்பதுதான் கேள்வி. சங்கப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே இருந்தது கணவர் விஜயபாண்டியின் எண். அவரோ எல்லையில், பட்டாளத்தில். பின்னால் நின்ற பதினாறு பெண்களில் பாதிப்பேரின் வீட்டுக்காரர்களும் அங்கேதான்.

"வீட்டு நம்பருதான கேட்டாக? அவுக நம்பரக் குடுத்தேன்" என்ற குருவம்மாள், கணவரை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏங்க, ஒங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். சொல்லுங்க."

"எவன் கேக்கச் சொன்னான்? அவன்ட்ட குடுட்டி போனை."

சமுத்திரம் வணக்கம் சொன்னார்.

"யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு இதுலயே போட்டிருக்குல்லா?"

"நாந்தாண்ணே அத எழுதுனேன்."

"போன வாரம் எங்க கேம்ப்ல ஒருத்தன்ட்ட இப்படித்தாம்ல பேசிப் பணத்த உருவிட்டான். நீ யாரு மகன்? எந்தத் தெரு?"

தகப்பன் பெயர், தெரு, குலசாமி, பெண்டாட்டி ஊர் என்று விசாரணை நீண்டது. சமுத்திரம் வேர்த்து விறுவிறுத்து ஒவ்வொன்றாக ஒப்பித்தார். சாலை விலக்கில், முந்தின ஊர்ப் பாலை ஏற்றும் வேனின் ஹாரன் கேட்டது. விஜயபாண்டி மனமிரங்கி ஆறு இலக்கத்தையும் வாசித்தார். குருவம்மாள் தட்டினாள்.

'காலாவதியாகிவிட்டது' என்றது திரை. இரண்டு நிமிடக் கெடுவும் சமுத்திரம் வைத்ததே.

அவர் மடிக்கணினியைத் திறந்து, மூன்று மாதத் தவத்தை மூன்று நிமிடத்தில் அழித்தார். பால் அளக்கும் மாரிக்கனியைக் கூப்பிட்டார்.

"அக்கா, இவுகள எல்லாம் அடையாளம் தெரியுமா?"

"ஆளும் தெரியும், மாடும் தெரியும். ஏன், ஒமக்குத் தெரியாதோ?"

இனி எதிரே நிற்பவர் பெயரைத் திரையில் மாரிக்கனி தொட்டால் போதும். வாளிகள் மளமளவென்று ஏறின. பதினேழாவது வாளி கவிழவும் வேன் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்த ஜெயபாண்டி பாதியில் நிறுத்தினார்.

"அது சரி, மாரிக்கனி லீவு போட்டா?"

"போட மாட்டாகண்ணே" என்றார் சமுத்திரம், கேள்வி முடியுமுன்பே.

கையெழுத்து விழுந்தது. பதினோரு வருடமாக லீவே அறியாத மாரிக்கனி, சுவரில் தொங்கிய காலண்டரை அன்றுதான் நிமிர்ந்து பார்த்தாள்.