சடையப்பனின் மூன்றாம் நாள்

எங்கள் சித்தப்பா மெட்ராஸில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் பை தூக்கியவர். அந்த வேலைக்கு கேடி என்று பெயர். ஆடுகிறவர் பின்னால் பையோடு நடக்க வேண்டும், பந்து விழுந்த இடத்தைக் கண்ணில் வைத்துக்கொள்ள வேண்டும், எந்த மட்டை சரியாக இருக்கும் என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்க வேண்டும். பத்து வருடம் அப்படி நடந்துவிட்டு, கப்பலேறி எங்கள் தீவுக்கு, டாலிகஞ்சில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அப்பா அவரைக் கட்டட வேலையில் சேர்த்துவிட்டார். அவர் கொண்டுவந்தது ஒரு தகரப்பெட்டியும் தலை தேய்ந்த ஒரு கோல்ஃப் மட்டையும்தான். சாயங்காலங்களில் அந்த மட்டையால் பச்சைப் பாக்குக் காய்களை அடிப்பார். அவை பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில் போய் விழும். அம்மா போய்ச் சமாதானம் சொல்லிவிட்டு வருவார்.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. பேசாத பெண் என்று பெயரெடுத்திருந்தேன். வருகை எடுக்கும்போது என் குரல் டீச்சருக்கு எட்டாது. எனக்கு ஆப்சென்ட் போட்டுவிடுவார். வகுப்பில் உட்கார்ந்துகொண்டே நான் வராதவளாக இருந்த நாட்கள் நிறைய.

தெருமுனையில் ஒரு மலையாளி டீக்கடை வைத்திருந்தார். அவரை, அண்ணன் என்ற அர்த்தத்தில், காக்கா என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். அந்தக் கடையை ஒட்டி ஒரு வங்காளி தையல்காரர். அவர் தாதா, அதற்கும் அண்ணன் என்றுதான் அர்த்தம். இந்த இருவரிடமும்தான் சித்தப்பா தன் கோல்ஃப் கதையைச் சொல்வார். கோல்ஃப் என்றால் அவருக்கு ஒரே ஒரு போட்டிதான், வருடத்துக்கு ஒருமுறை வரும் நாட்டின் பெரிய ஓப்பன் போட்டி. முதல் கோப்பையை ஒரு வெள்ளைக்காரர் கொண்டுபோனதிலிருந்து ஆரம்பிப்பார். பிறகு எந்தெந்த நாட்டுக்காரர்கள் வந்தார்கள், யார் கடைசிக் குழியில் கோட்டைவிட்டார் என்று விரல் மடக்கிச் சொல்வார். பாதி தமிழ், பாதி ஹிந்தி. ஜெயித்தவர்களின் மட்டையைத் துடைத்துக் கொடுத்தவர்கள் பற்றியும் அதே மரியாதையோடு சொல்வார். கிளப்புக்கு விடுமுறையான திங்கட்கிழமைகளில் மட்டும் கேடிகள் ஆடலாம் என்பதும், சித்தப்பாவும் அவருடைய சிநேகிதர் சடையப்பனும் ஒரே மட்டையை மாற்றி மாற்றி வைத்து ஆடினார்கள் என்பதும் எங்கள் தெருவுக்கே தெரியும்.

“பை தூக்கினவன் கப்பு தூக்கியிட்டுண்டோ?” என்று காக்கா சீண்டுவார்.

“இது வரைக்கும் இல்ல காக்கா. சடையன் இருக்கான், பாருங்க.”

அந்த வருடம் சடையப்பனுக்கு அந்தப் போட்டியில் இடம் கிடைத்துவிட்டது. அவரிடமிருந்து கடிதம் வந்ததும் சித்தப்பா பக்கத்து லம்பா லைனில் பேப்பர் போடுகிறவரிடம் போய், அந்த நாட்களின் ஆங்கிலப் பேப்பரை எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு வந்தார். பேப்பர் அப்போது விமானத்தில்தான் வரும். போட்டி தொடங்கிய நாளில் எங்களுக்குப் புயல் மழை பிடித்துக்கொண்டது. மெயின்லேண்டிலிருந்து ஐந்து நாள் விமானமே வரவில்லை. ஆறாம் நாள் வெயில் அடித்தது, நாலு நாள் பேப்பரும் ஒரே கட்டாக வந்தது.

வேறு யாராக இருந்தாலும் கடைசிப் பேப்பரைத்தான் முதலில் பிரிப்பார்கள். சித்தப்பா கட்டைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். “நாலு நாள் ஆட்டம் பாப்பா. நாலு நாளாத்தான் பாக்கணும். தினம் ஒண்ணு, நீதான் வாசிக்கிறே” என்றார். அவருக்கு இங்கிலீஷ் வராது. எனக்கும் பெரிதாக வராது, ஆனால் பெயரும் எண்ணும் வாசிப்பேன். அதை டீக்கடை வாசலில் எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும் என்பதுதான் சிக்கல்.

முதல் நாள் சடையப்பன் எழுபத்து நாலு. கோல்ஃபில் குறைவாக அடித்தவர்தான் மேலே. தாதாவுக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. பெரிய எண்ணாக வந்தால் பரீட்சை மார்க் மாதிரி கை தட்டுவார். என் வாசிப்பு யாருக்கும் கேட்கவில்லை. நான் முணுமுணுத்ததைச் சித்தப்பாதான் உரக்கத் திருப்பிச் சொன்னார்.

இரண்டாம் நாள் சடையப்பனின் பெயர் கீழே, சின்ன எழுத்துப் பத்தியில் இருந்தது. பத்தியின் தலையில் இருந்த இரண்டு வார்த்தைகள் புரியவில்லை. தப்பாக வாசித்துவிடுவேனோ என்று அவற்றை விட்டுவிட்டு, பெயரையும் எழுபத்தொன்பதையும் மட்டும் வாசித்தேன். தாதா கை தட்டினார். சித்தப்பா விரல் மடக்கி எதையோ கூட்டிப் பார்த்தார். பிறகு, “நாளைக்குப் பாத்துக்கலாம்” என்றார்.

மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், முன்கூட்டியே ஒருமுறை வாசித்துப் பழகலாம் என்று பேப்பரைப் பிரித்தேன். சடையப்பன் இல்லை. மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாகப் பார்த்தேன். இல்லவே இல்லை. அச்சடிக்கிறவர்கள் விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். என்னைப் போல அவருக்கும் ஆப்சென்ட் போட்டுவிட்டார்கள் என்று தோன்றியது. இதைச் சித்தப்பாவிடம் எப்படிச் சொல்வது? அவர் வேலையிலிருந்து வந்து, குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார்.

டீக்கடை வாசலில் எல்லாப் பெயர்களையும் வாசித்துவிட்டு, கண்ணைப் பேப்பரிலிருந்து எடுக்காமல், “சடையப்பன், எழுபத்தொண்ணு” என்றேன்.

சித்தப்பா என்னைப் பார்த்தார்.

“இன்னொரு தடவ வாசி பாப்பா. கொஞ்சம் சத்தமா.”

வாசித்தேன். பொய்யை மெதுவாகச் சொன்னால் பிடிபட்டுவிடும் என்ற பயத்தில், என் ஆயுளில் முதல்முறையாக உரக்க வாசித்தேன். தையல் மிஷின் நின்றது. “சாபாஷ்” என்றார் காக்கா.

நாலாம் நாள் பேப்பரிலும் அவர் இல்லை. கோப்பை யாருக்கு என்பது மேலே பெரிய எழுத்தில் இருந்தது. அதை மாற்ற எனக்குத் துணிச்சல் இல்லை. சடையப்பனைப் பன்னிரண்டாம் இடத்தில் வைத்தேன். வகுப்பில் என்னுடைய ரேங்க் அதுதான். யாரும் சந்தேகப்படாத இடம் என்று எனக்குத் தெரியும்.

“கடைசிக் குழியில என்ன பண்ணான்னு போட்டிருக்கா?” என்று சித்தப்பா கேட்டார்.

“ரொம்ப தூரத்துலேர்ந்து உருட்டிவிட்டாராம் சித்தப்பா. நேரா குழிக்குள்ள போச்சாம்.”

“அவன் அப்படித்தான் பண்ணுவான்” என்றார். அன்று எல்லோருக்கும் டீ அவர் கணக்கு. அலமாரித் தட்டில் விரிக்க அம்மா கேட்டபோதும் அந்த நாலு பேப்பரையும் கொடுக்கவில்லை. மடித்துத் தகரப்பெட்டியில் வைத்துக்கொண்டார். இங்கிலீஷ் தெரிந்தவர்கள் தெருவில் நாலு பேர் இருந்தார்கள். யாரிடமும் அவர் அதைக் காட்டவில்லை. மறுவாரம் டீச்சர் வருகை எடுத்தபோது என் பக்கம் நிமிர்ந்து பார்த்தார். என் குரல் கேட்டுவிட்டது.

சித்தப்பா பிறகு தெற்கே இன்னொரு தீவில் இருக்கும் ஹட் பேக்குப் போனார். எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தார், அங்கேயே காலமானார். என்னிடம் அவர் அந்தப் பேச்சை மறுபடி எடுத்ததே இல்லை. அவரை நான் ஏமாற்றினேன் என்ற உறுத்தல் எனக்குள் பல வருடம் இருந்தது.

போன வருடம் என் மகன் டீவியில் அதே போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் பட்டியல் சின்னதாக இருந்தது. மற்றவர்கள் எங்கே என்று கேட்டேன். “ரெண்டு நாள் முடிஞ்சதும் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிடுவாங்கம்மா. பேப்பர்ல ‘மிஸ்ட் கட்’னு தலைப்புப் போட்டு அவங்க பேரைக் கீழ தனியாப் போடுவாங்க. எப்பவுமே அப்படித்தான். கோல்ஃப் தெரிஞ்ச யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க” என்றான்.

பத்து வருடம் பை தூக்கியவர் எங்கள் சித்தப்பா. எழுபத்து நாலையும் எழுபத்தொன்பதையும் கூட்டத் தெரிந்தவர்.

இன்றைக்கும் எனக்கு நாலு பேர் முன்னால் சட்டென்று பேச்சு வராது. ஆனால் கையில் ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி வாசித்துவிடுவேன். அந்தச் சாயங்காலம் அவர் என்னை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். தையல் மிஷின் சத்தத்தில் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்றுதான் அப்போது நினைத்தேன்.